ஒன்று, மூன்று, ஐந்து: அணுக்கழிவுக்கு அமெரிக்கா இடம் தேடிய கதை

ஐந்து இடங்களை வரிசைப்படுத்தி அவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், யாராக இருந்தாலும் முதல் மூன்றைத்தான் எடுப்பார்கள். 1986 மே 28 அன்று அமெரிக்க எரிசக்தித் துறை அப்படிச் செய்யவில்லை. தானே நடத்திய பகுப்பாய்வில் முதலிடம், மூன்றாமிடம், ஐந்தாமிடம் பெற்றவற்றை எடுத்துக்கொண்டு இரண்டையும் நான்கையும் விட்டுவிட்டது. அதிபர் ரீகன் அன்றே ஒப்புதல் அளித்தார். முடிவுப் பகுப்பாய்வைப் பற்றி, அதாவது மாற்று வழிகளை எண்களால் எடைபோட்டு முடிவெடுக்கும் முறையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்போதெல்லாம் நான் முதலில் எடுக்கும் நிகழ்வு இதுதான். வெற்றிக் கதைகள் நிறைய உண்டு. அவற்றைவிட இந்தக் கோணல் கதையில் கற்க அதிகம் இருக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணுமின் நிலையங்களில் பயன்படுத்தித் தீர்ந்த எரிபொருளையும், ஆயுதத் தயாரிப்பில் மிஞ்சிய கழிவையும் பூமிக்கடியில் ஆழமாகப் புதைக்க ஓர் இடம் வேண்டும். அதற்காக இயற்றப்பட்ட அணுக்கழிவுக் கொள்கைச் சட்டத்தில் ரீகன் 1983 ஜனவரி 7 அன்று கையெழுத்திட்டார். அடுத்த மாதமே ஆறு மாநிலங்களில் ஒன்பது இடங்களின் பட்டியல் வெளிவந்தது. அவற்றில் ஏழு உப்புப் பாறைப் படிவங்கள். ஒன்பதிலிருந்து ஐந்தை முன்மொழிய வேண்டும், ஐந்திலிருந்து மூன்றைப் பரிந்துரைக்க வேண்டும், அந்த மூன்றிலும் சுரங்கம் தோண்டி நேரில் ஆராய வேண்டும், கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சட்டம் படிப்படியாக வகுத்திருந்தது. 1998 ஜனவரி 31க்குள் கழிவை வாங்கத் தொடங்கிவிட வேண்டும் என்ற கெடுவும் இருந்தது.

இறுதிச் சுற்றுக்கு வந்த ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டாதவை.

நெவாடாவின் யக்கா மலை, லாஸ் வேகாஸிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வடமேற்கே, அணுகுண்டுச் சோதனைத் திடலை ஒட்டிய வறண்ட மேடு. எரிமலைச் சாம்பல் இறுகி உருவான பாறை. நிலத்தடி நீர்மட்டம் மிகக் கீழே இருப்பதால், கழிவை அந்த மட்டத்துக்கு மேலேயே வைத்துவிடலாம். வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டு, நாகசாகியில் விழுந்த குண்டுக்குப் புளூட்டோனியம் தயாரித்த இடம். கொலம்பியா ஆறு அதன் வழியாக ஓடுகிறது. அங்கே பசால்ட் என்னும், எரிமலைக் குழம்பு உறைந்து உருவான பாறையில் மிக ஆழமாகப் போக வேண்டும். பாறை சூடாகவும் கடும் அழுத்தத்திலும் இருக்கும். மிசிசிப்பியின் ரிச்டன், உப்புக் குமிழ்: நிலத்தடியில் மேல்நோக்கிப் பிதுங்கி நிற்கும் உப்புத் திரள். ரிச்டன் என்ற சிற்றூர் அதற்கு மிக அருகில் இருக்கிறது. யூட்டாவின் டேவிஸ் கேனியன், உப்புப் படுகை. பக்கத்திலேயே கேனியன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா. டெக்சாஸின் டெஃப் ஸ்மித் மாவட்டம், இதுவும் உப்புப் படுகை. ஆனால் உப்புக்கு மேலே ஓகல்லாலா என்னும் பெரும் நிலத்தடி நீரகம், அதற்கு மேலே வேளாண் நிலம். (டெக்சாஸ் விடுதலைப் போரில் ஒற்றராகப் பணிபுரிந்த, காது மந்தமான ஒருவரின் பட்டப்பெயர்தான் மாவட்டத்தின் பெயராக நிலைத்தது. அணுக்கழிவுக்கு எதிராக அந்த மாவட்டத்து மக்கள் எழுப்பிய குரலும் கேளாக் காதில்தான் விழுந்தது என்று அங்கே யாராவது கேலி பேசாமலா இருந்திருப்பார்கள்?)

1984 டிசம்பரில் துறை வரைவு அறிக்கைகளை வெளியிட்டது. யக்கா மலை, டெஃப் ஸ்மித், ஹான்ஃபோர்டு மூன்றும் முன்னணியில் இருப்பதாக அவை கூறின. மதிப்பெண் கூட்டிச் சராசரி எடுப்பது போன்ற எளிய முறைகளால் அந்த முடிவுக்கு வந்திருந்தார்கள். தேசிய அறிவியல் கழகத்தின் கதிரியக்கக் கழிவு வாரியம் அந்த முறைகளைக் கடுமையாகக் குறை சொன்னது. எடைகள் எங்கிருந்து வந்தன, மதிப்பெண்ணை யார் எந்த அடிப்படையில் போட்டார்கள் என்பது வெளியே தெரியவில்லை. வேறு முறை வேண்டும் என்றது. துறையும் இசைந்தது. ரால்ஃப் கீனி, மைலி மெர்க்ஹோஃபர் ஆகிய இரு வல்லுநர்களின் துணையோடு, பல அளவுகோல்களை ஒரே பயன்மதிப்பாக இணைக்கும் பகுப்பாய்வு தொடங்கியது. கீனி இதற்கு முன்பே மெக்சிகோ நகர விமான நிலையத்துக்கு இடம் தேடிய ஆய்வில் இதே முறையைக் கையாண்டவர்.

இந்த முறையின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். வீட்டுமனை வாங்கப் போகிறவரிடம் "விலை முக்கியமா, தண்ணீர் முக்கியமா?" என்று கேட்டால், "தண்ணீர்தான்" என்பார். பார்த்த நான்கு மனைகளிலும் தண்ணீர் நன்றாகவே இருக்கிறது, விலை மட்டும் 20 லட்சத்திலிருந்து 60 லட்சம் வரை வேறுபடுகிறது என்றால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைத் தீர்மானிப்பது விலைதான். தண்ணீரின் முக்கியத்துவம் குறைந்துவிடவில்லை. அதில் வேறுபாடு இல்லாததால் அது வாய்திறக்கவில்லை. எடை என்பது ஓர் அளவுகோலின் பெயருக்குத் தரப்படுவதில்லை. அந்த அளவுகோலில் மோசமானதிலிருந்து நல்லதுவரை உள்ள வீச்சுக்குத்தான் தரப்படுகிறது. நம் அலுவலகங்களில் "தரத்துக்கு 40, விலைக்கு 30" என்று வீச்சைப் பாராமலே எழுதிப்போடும் ஒப்பந்தப்புள்ளி மதிப்பீடுகளைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த மனைக் கதைதான் நினைவுக்கு வரும்.

யக்கா மலை ஆய்வில் நடந்ததும் இதுவே. குறிக்கோள்களை இரண்டு கூறாகப் பிரித்தார்கள். கழிவைப் புதைக்கும் களஞ்சியத்தை மூடி முத்திரையிட்ட பிறகு கதிரியக்கம் எவ்வளவு வெளியேறும் என்பது ஒரு கூறு. இதற்கு இரண்டு அளவுகோல்கள்: முதல் 10,000 ஆண்டுகள், அதன்பின் 1,00,000 ஆண்டுகள் வரை. மூடும் வரையிலான கட்டுமானம், இயக்கம், போக்குவரத்து ஆகியவற்றின் விளைவுகள் மற்றொரு கூறு. இதற்கு 14 அளவுகோல்கள்: தொழிலாளர் உயிரிழப்பு, பொதுமக்கள் உயிரிழப்பு, இயற்கை எழில், தொல்லியல் எச்சங்கள், உயிரினங்கள், சமூகப் பொருளாதாரப் பாதிப்பு, செலவு என நீளும் பட்டியல்.

எதற்காகக் களஞ்சியமே கட்டுகிறார்களோ, அந்த நெடுங்காலப் பாதுகாப்பில் ஐந்து இடங்களும் ஏறத்தாழ முழு மதிப்பெண் பெற்றுவிட்டன. உப்புப் பாறை இடங்கள் ஒரு நூலிழை முன்னே, அடுத்து யக்கா மலை, கடைசியில் ஹான்ஃபோர்டு. நூலிழை என்றால் நூலிழைதான். ஆகவே வரிசையை நிர்ணயிக்கும் வேலை முழுவதும் மூடலுக்கு முந்தைய 14 அளவுகோல்களின் தலையில் விழுந்தது.

அவற்றில் மிகக் கூச்சமான கேள்வி, உயிரையும் பணத்தையும் எப்படி ஒரே தராசில் வைப்பது என்பதுதான். துறையின் மேலாளர்களிடம் கேட்டு எழுதிய அடிப்படை மதிப்புகள் இவை: ஒரு தொழிலாளியின் உயிரிழப்பைத் தவிர்க்க 10 லட்சம் டாலர், பொதுமக்களில் ஒருவரின் உயிரிழப்பைத் தவிர்க்க 40 லட்சம் டாலர். தொழிலாளி தெரிந்தே வேலைக்கு வருகிறார், நெடுஞ்சாலையில் போகிறவர் அப்படி இல்லை என்பதே அந்த நான்கு மடங்கின் பின்னால் இருக்கும் எண்ணம். ஒப்புக்கொள்ளலாம், ஒப்புக்கொள்ளாமலும் போகலாம். ஆனால் எண் தாளில் இருக்கிறது. அதை மாற்றிப் போட்டுப் பார்க்க யாருக்கும் உரிமை உண்டு. பழைய சராசரி முறையில் இந்த உரிமை இல்லை.

நானும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். முதலில் செலவு மதிப்பீடுகள், கோடி டாலரில்:

யக்கா மலை: களஞ்சியம் 750, போக்குவரத்து 140, மொத்தம் 890.
ரிச்டன்: 900, 97, மொத்தம் 997.
டெஃப் ஸ்மித்: 950, 112, மொத்தம் 1,062.
டேவிஸ் கேனியன்: 1,040, 124, மொத்தம் 1,164.
ஹான்ஃபோர்டு: 1,290, 145, மொத்தம் 1,435.

இப்போது பகுப்பாய்வின் இறுதி வரிசையைப் பாருங்கள்: யக்கா மலை, ரிச்டன், டெஃப் ஸ்மித், டேவிஸ் கேனியன், ஹான்ஃபோர்டு. செலவு வரிசையேதான், ஓர் இடம்கூடப் பிசகவில்லை. 16 அளவுகோல்கள், நிபுணர் குழுக்கள், வரைபடங்கள், தடித்த அறிக்கை எல்லாம் தாண்டி வந்து, ஒரு கணக்குப்பிள்ளை மதிய உணவுக்கு முன் கூட்டிச் சொல்லியிருக்கக்கூடிய விடையில் நின்றிருக்கிறது.

ஏன் இப்படி? யக்கா மலையையும் ரிச்டனையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். அமெரிக்க அணு உலைகளில் பெரும்பாலானவை கிழக்கே இருக்கின்றன. ஆகவே யக்கா மலைக்குப் போகும் லாரிகளும் ரயில்களும் கூடுதல் தொலைவு ஓட வேண்டும், வழியில் விபத்துகளும் கூடும். கதிரியக்கத்துக்கே தொடர்பில்லாத சாதாரணப் போக்குவரத்து விபத்துகளில் இறக்கும் பொதுமக்கள், மதிப்பீட்டின்படி, ரிச்டனுக்கு 5.3 பேர், யக்கா மலைக்கு 10.2 பேர். கதிரியக்கத்தால் வரும் இறப்பையும் சேர்த்தால், யக்கா மலையில் பொதுமக்கள் தரப்பில் ஆறு உயிர் கூடுதல். தொழிலாளர் தரப்பிலோ அங்கே நான்கைந்து உயிர் குறைவு. இவற்றை டாலராக்கிக் கழித்தால் ரிச்டனுக்குக் கிடைக்கும் சாதகம் ஏறத்தாழ 2 கோடி டாலர். செலவில் யக்கா மலைக்குக் கிடைக்கும் சாதகமோ 107 கோடி டாலர். சுற்றுச்சூழல், சமூக அளவுகோல்களை ஒதுக்கி வைத்து இந்த இரண்டை மட்டும் ஒப்பிட்டால், வரிசை தலைகீழாவதற்குப் பொதுமக்கள் உயிரின் மதிப்பை 40 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 45 மடங்கு உயர்த்த வேண்டும்.

இயற்கை எழில் அளவுகோலின் கதி இன்னும் பரிதாபம். டேவிஸ் கேனியனுக்கு அதில் மிக மோசமான 6 புள்ளி. தேசியப் பூங்காவின் வாசலில் தோண்டினால் வேறென்ன கிடைக்கும்? ஹான்ஃபோர்டுக்கு 1 தான், ஏற்கெனவே அணு ஆலைகளால் நிறைந்த இடம் என்பதால். ஆனாலும் ஹான்ஃபோர்டு ஐந்தாமிடத்திலிருந்து நகரவில்லை. சூடான, ஆழமான, அழுத்தம் மிகுந்த பாறையில் தோண்டுவதால் செலவும் அங்கேதான் உச்சம், சுரங்க விபத்துகளில் தொழிலாளர் இறப்பும் அங்கேதான் உச்சம்: 43 பேர். யக்கா மலையில் அது பாதிக்கும் குறைவு. மூடலுக்கு முன்னும் கடைசி, பின்னும் கடைசி என்றால், இந்த இரண்டு கூறுகளுக்கான எடைகளை எப்படிப் புரட்டினாலும் அந்த இடத்தை மேலே தூக்க வழியில்லை.

இதை வைத்துப் பகுப்பாய்வே வீண் என்று முடிவுகட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். என் கருத்து வேறு. "பாதுகாப்பில் எல்லாம் ஏறத்தாழச் சமம், நாம் உண்மையில் தேர்ந்தெடுப்பது செலவை வைத்துத்தான்" என்று வெளிப்படையாகச் சொல்லும் துணிவு 1984 வரைவுக்கு இல்லை. 1986 அட்டவணைக்கு இருந்தது. குறை வேறோர் இடத்தில் இருந்தது. நெடுங்காலப் பாதுகாப்பு மதிப்பீடுகளைத் தந்த நிபுணர்கள் துறையின் சொந்த ஆட்களும் அதன் ஒப்பந்தக்காரர்களுமே. பகுப்பாய்வு முறையைப் பாராட்டிய அறிவியல் கழக வாரியம், வெளியார் யாரையும் இந்த மதிப்பீட்டில் சேர்க்காதது குறித்துத் தன் மனக்குறையையும் பதிவுசெய்தது. ஐந்து இடங்களுக்கும் ஏறத்தாழ முழு மதிப்பெண் கிடைத்ததற்குப் பாறைகள் காரணமா, மதிப்பிட்டவர்களின் தன்னம்பிக்கை காரணமா? 1990களில் யக்கா மலைக்குள் 8 கிலோமீட்டர் ஆய்வுச் சுரங்கம் தோண்டியபோது, அணுகுண்டுச் சோதனைக் காலத்துக் குளோரின்-36 என்ற கதிரியக்கப் பொருள் உள்ளே சில இடங்களில் தென்பட்டதாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மழைநீர் பிளவுகள் வழியே ஐம்பது ஆண்டுகளுக்குள் அவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது அதன் பொருள். அந்த முடிவு பின்னர் சர்ச்சைக்குள்ளானது என்பது உண்மை. ஆனால் 1986இல் போட்ட மதிப்பெண்ணில் அப்படியொரு சந்தேகத்தின் நிழல்கூட இல்லை.

சரி, இரண்டாமிடம் எங்கே போயிற்று?

துறையின் விளக்கம், பாறை வகைகளில் பன்மை வேண்டும் என்பது. சட்டமே இயன்றவரை வெவ்வேறு பாறைகளைக் கருதச் சொல்லியிருந்தது. ஒரே வகைப் பாறையில் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பாறையில் எதிர்பாராத ஒரு குறை வெளிப்பட்டால் மூன்றும் ஒன்றாகக் கவிழும். நியாயமான வாதம். அது ஹான்ஃபோர்டை விளக்குகிறது. பசால்ட் இருப்பது அங்கே மட்டும்தான். ஆனால் டெஃப் ஸ்மித்தை அது விளக்கவில்லை. ரிச்டனும் உப்பு, டெஃப் ஸ்மித்தும் உப்பு. ஒன்று குமிழ், மற்றொன்று படுகை என்ற வேறுபாடு உண்டு. எரிமலைச் சாம்பல் பாறை ஒன்று, பசால்ட் ஒன்று, உப்பு ஒன்று என்ற கணக்குக்கு இரண்டில் எதுவும் போதும். அப்படியானால் தன் வரிசையிலேயே மேலே இருந்த உப்பை விட்டுக் கீழே இருந்த உப்பை ஏன் எடுத்தார்கள்? 1984 வரைவில் சொன்ன அதே மூன்று பெயர்கள் 1986இலும் வந்து நின்றதைப் பார்த்தவர்களுக்கு, விடை முதலிலேயே எழுதப்பட்டுவிட்டது என்று தோன்றியதில் வியப்பில்லை. வாஷிங்டன், ஒரேகான் மாநிலங்களின் காங்கிரஸ் உறுப்பினர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே நாளில் எரிசக்தித் துறைச் செயலர் ஜான் ஹெரிங்டன், கிழக்கு மாநிலங்களின் கருங்கல் பாறைகளில் இரண்டாவது களஞ்சியத்துக்கு இடம் தேடும் பணியைக் காலவரையின்றி நிறுத்திவைப்பதாகவும் அறிவித்தார். நவம்பரில் தேர்தல் வரவிருந்தது. மேற்கு மாநிலங்களின் சந்தேகத்துக்கு இதைவிட எரிபொருள் வேண்டுமா?

துறைக்காக ஒரு சொல் பேச வேண்டும் என்றால், இதைச் சொல்வேன். "எந்த இடம் சிறந்தது?" என்பதும் "எந்த மூன்று இடங்களை ஒன்றாக ஆராய்வது சிறந்தது?" என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். தனித்தனியே நல்ல மூன்று சேர்ந்தால் நல்ல கூட்டு ஆகிவிடாது. கிரிக்கெட் அணிக்கு ஆள் எடுக்கும்போது தரவரிசையின் முதல் பதினொரு பேரும் மட்டையாளர்களாக இருந்தால் யார் பந்துவீசுவது? ஐந்தாமிடத்துக்காரர் கூட்டுக்குள் வரலாம், தவறே இல்லை. ஆனால் அதைக் காட்டக் கூட்டுகளையே அலகாக வைத்து இன்னொரு பகுப்பாய்வு செய்திருக்க வேண்டும். ஐந்தில் மூன்று என்றால் பத்தே பத்துக் கூட்டுகள். ஒவ்வொன்றுக்கும், முதல் இடம் ஆய்வில் தோற்றால் என்ன, இரண்டும் தோற்றால் என்ன, ஒவ்வோர் இடத்திலும் தோண்ட ஆகும் செலவென்ன என்று மரக்கிளை வரைந்து பார்த்திருக்கலாம். துறை அதைச் செய்யவில்லை. தனி இடங்களுக்கான வரிசையைச் செய்துவைத்து, கூட்டை மட்டும் கைக்கணக்கில் முடித்துவிட்டது.

அந்த இரண்டாவது பகுப்பாய்வைக் கீனி பிறகு தாமே செய்து 1987இல் வெளியிட்டார். துறையின் எண்களையே எடுத்துக்கொண்டார். மூன்று இடங்களையும் ஒரே நேரத்தில் தோண்டுவதைவிட, முதலில் யக்கா மலையை ஆராய்ந்து, அது தேறாவிட்டால் அடுத்ததற்குப் போவது மேல் என்றே அவர் கணக்கு சொன்னது. ஒவ்வோர் இடத்தின் ஆய்வுக்கும் ஏறத்தாழ 100 கோடி டாலர் ஆகும் என்ற நிலை வந்துவிட்டிருந்தது. தேவைப்படாமலே போகக்கூடிய இரண்டு சுரங்கங்களுக்கு முன்கூட்டியே அவ்வளவு செலவிட, பாறைப் பன்மை தரும் காப்பீடு ஈடாகவில்லை. எனவே துறையின் கூட்டு தவறு என்பதோடு, மூன்றை ஒரே நேரத்தில் ஆராயச் சொன்ன சட்டத்தின் ஏற்பாடே சரியான மாற்று வழிகளைப் பட்டியலுக்குள் வரவிடவில்லை என்றும் ஆகிறது. பட்டியலில் இல்லாத மாற்றை எந்தப் பகுப்பாய்வாலும் வரிசையில் வைக்க முடியாது.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1987 டிசம்பர் 22 அன்று காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, டெஃப் ஸ்மித்தையும் ஹான்ஃபோர்டையும் நீக்கி, யக்கா மலையை மட்டும் ஆராயச் சொன்னது. பகுப்பாய்வின் முதலிடம் வென்றது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அன்று பிரதிநிதிகள் அவையின் தலைவர் ஜிம் ரைட் டெக்சாஸ்காரர்; பெரும்பான்மைக் கட்சித் தலைவர் டாம் ஃபோலி வாஷிங்டன் மாநிலத்துக்காரர். அவையில் நெவாடாவுக்கு இருந்த இடங்கள் இரண்டு. "நெவாடாவைக் கவிழ்க்கும் மசோதா" என்ற பொருளில், அச்சில் ஏற்ற முடியாத கொச்சையோடு, நெவாடாக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். கீனியின் கணக்கில் யக்கா மலை தேறாவிட்டால் போக அடுத்த படி இருந்தது. காங்கிரஸின் திருத்தத்தில் அடுத்த படியே இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் "யக்கா மலை முதலில்" என்றே சொல்கின்றன.

2002இல் அதிபர் புஷ் யக்கா மலையைப் பரிந்துரைத்தார். நெவாடா ஆளுநர் கென்னி குவின் அதை மறுத்தார். காங்கிரஸ் அவருடைய மறுப்பைத் தள்ளியது. 2008 ஜூனில் உரிம விண்ணப்பம் போனது. 2010இல் ஒபாமா அரசு திட்டத்தை நிறுத்தியது. அதற்குள் ஏறத்தாழ 1,500 கோடி டாலர் செலவாகியிருந்தது. 14 அளவுகோல்களில் மாநிலத்தின் எதிர்ப்பு என்று ஒன்று இல்லை. 1998 கெடுவைத் தவறவிட்டதற்காக மின் நிறுவனங்களுக்கு அரசு கொடுத்த இழப்பீடு மட்டும் 1,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 1986 செலவுப் பட்டியலில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே இருந்த 107 கோடியை அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஏறத்தாழ 90,000 டன் எரிபொருள், அது எரிந்து தீர்ந்த உலைகளின் வளாகங்களிலேயே குளங்களிலும் கான்கிரீட் பெட்டகங்களிலும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. யக்கா மலையில் தோண்டிய 8 கிலோமீட்டர் சுரங்கம் காலியாகக் கிடக்கிறது.